‘நார்மல்’ என்ற ஒரு சொல்: சிவப்பணு நொதிப் பரிசோதனை குறித்துச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த ரத்தசோகை பற்றிய கட்டுரையைப் படித்தேன். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை அனைத்தும் சரியானவை. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பேரீச்சையும் முறையாக இடம்பெற்றிருந்தன. ஆனால், ரத்தம் போதிய அளவு உற்பத்தியாகாததால் வரும் சோகை வேறு. உற்பத்தியான ரத்தம் உடலுக்குள்ளேயே உடைந்து அழிவதால் வரும் சோகை வேறு. பின்னதைப் பற்றிக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதிக்கான (என்சைமுக்கான) ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டால் அந்தக் கவலையை விட்டுவிடலாம் என்பது. அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் 31 ஆண்டுகள் நுட்பநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், இதே வாக்கியத்தை நம்பி என் குடும்பத்துக்குள்ளேயே ஒரு பிழை செய்தவன் என்ற முறையிலும், இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

என் தங்கையின் மகள் வயிற்றுப் பேரனுக்கு அப்போது இரண்டு வயது. மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு பிள்ளை சோர்ந்து படுத்துவிட்டான், கண்கள் மஞ்சளாயின, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஹீமோகுளோபின் 4.8 கிராம். கூம்ப்ஸ் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தது. அதாவது, உடலின் எதிர்ப்பாற்றலே தன் சிவப்பணுக்களைத் தாக்கும் வகை அன்று இது. அன்றிரவே ரத்தம் ஏற்றினார்கள். குழந்தையின் உயிரைக் காத்தது அந்த ரத்தம்தான். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ரத்தம் ஏற்றிய மூன்றாம் நாள், காரணம் என்னவென்று கண்டறிய, ஜி6பிடி பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பினார்கள். ‘நார்மல்’ என்று அறிக்கை வந்தது. இரும்புச்சத்து டானிக் எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மருமகள் அந்த அறிக்கைகளையெல்லாம் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பி, “மாமா, எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று கேட்டாள். “நார்மல்தானேம்மா, பயப்படாதே” என்று சொன்னவன் நான். அதே அறிக்கைக் கட்டில், ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்களின் அளவு 14 சதவீதம் என்று அச்சாகியிருந்தது. நலமாக இருக்கும் பிள்ளைக்கு அது இரண்டு, இரண்டரை சதவீதத்தைத் தாண்டாது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பெட்டிகளை நகர்த்தியபோது உருண்டு வந்த பாச்சை உருண்டையை மிட்டாய் என்று எண்ணி அவன் வாயில் போட்டுக்கொண்டான். பிடுங்கி எறிந்துவிட்டார்கள், ஆனாலும் இரண்டாம் நாள் அதே கடுங்காப்பி நிறம், அதே மஞ்சள் கண்கள். இம்முறை வேறொரு மருத்துவமனையில், வயதான குழந்தை மருத்துவர் ஒருவர், பழைய அறிக்கைகளின் தேதிகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்துவிட்டு, முன்பு எடுத்த பரிசோதனையைக் கணக்கில் கொள்ள முடியாது என்றும், இப்போது எடுத்தாலும் அதே தவறுதான் நேரும் என்றும், மூன்று மாதம் கழித்து எடுக்கலாம் என்றும், அதுவரை குறைபாடு இருப்பதாகவே கொண்டு நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். ஹீமோகுளோபின் இந்த முறை அவ்வளவு இறங்காததால் ரத்தம் ஏற்றாமலே தேறிவிட்டான். மூன்று மாதம் பொறுத்து எடுத்த பரிசோதனையில், அந்த ஆய்வகத்தின் இயல்பான சராசரியில் பத்தில் ஒரு பங்கு நொதிகூட அவன் சிவப்பணுக்களில் இல்லை.

இரண்டு அறிக்கைகளிலும் ஆய்வகம் தவறு செய்யவில்லை என்பதைத்தான் நான் முதலில் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கருவி சரியாகத்தான் அளந்தது. அளக்கப்பட்ட ரத்தம்தான் வேறு.

சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளிவரும்போது எவ்வளவு நொதியைக் கட்டிக்கொண்டு வருகிறதோ, அதை வைத்துத்தான் சுமார் 120 நாள் காலம் தள்ள வேண்டும். புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை. ஜி6பிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரோஜினேஸ் நொதியின் வேலை, சிவப்பணுவுக்குள் குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருளைத் தீர்ந்துபோகாமல் வைத்திருப்பது. சில மருந்துகளாலோ பாச்சை உருண்டையிலுள்ள நாஃப்தலீனாலோ காய்ச்சலாலோ ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் கூடும்போது இந்தக் காப்பு இல்லாத சிவப்பணுவில் ஹீமோகுளோபின் திரிந்து கட்டிகட்டியாகப் படிகிறது. தனிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அவை ஹைன்ஸ் துகள்களாகத் தெரியும். மண்ணீரல் அந்தத் துகள்களைப் பிய்த்தெடுக்கும்போது, ஓரம் கடித்த அப்பளம்போல் ஆகிவிட்ட சிவப்பணுக்களை ரத்தப் பூச்சுக் கண்ணாடியில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

குறைபாடு உள்ளவரின் நொதி பெரும்பாலும் நிலைத்து நிற்கும் திறன் அற்றது. சிவப்பணு மூப்படைய மூப்படைய அது வேகமாகத் தேய்கிறது. ஆகவே, ரத்தச் சிதைவு, அதாவது சிவப்பணுக்கள் உடைவது, தொடங்கும்போது முதலில் உடைவன வயதான அணுக்கள். எஞ்சுபவை இளையவை. இழப்பை ஈடுகட்ட மஜ்ஜை இன்னும் இளையவற்றை அவசர அவசரமாக வெளியே தள்ளுகிறது. அவற்றில் நொதி ஒப்பளவில் கூடுதலாக இருக்கும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்து அளப்பது, தேற மாட்டார்கள் என்று தோன்றிய மாணவர்களையெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே வெளியேற்றிவிட்டுப் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பதாகை கட்டும் பள்ளியின் கணக்கைப் போன்றது. இதற்கு மேல், ரத்தம் ஏற்றியிருந்தால் அளக்கப்படுவதில் பெரும்பகுதி கொடையாளியின் நொதி. என் பேரன் விஷயத்தில் இரண்டும் சேர்ந்துகொண்டன.

நொதி மிகக் கடுமையாகக் குறையும் வகைகளில், குறிப்பாக நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் மெடிட்டரேனியன் என்ற வகையில், இளம் அணுக்களிலும் நொதி மிகக் குறைவு என்பதால் சிதைவின் நடுவில் எடுத்தாலும் பரிசோதனை குறைபாட்டைக் காட்டிக்கொடுத்துவிடலாம். ஆகவே அந்த நேரத்தில் ‘குறைவு’ என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். ‘நார்மல்’ என்று வந்தால்தான் நம்பக் கூடாது.

இது நேற்றுக் கண்டுபிடித்த நுட்பம் அன்று. மலேரியாவுக்கான பிரைமாகுவின் மருந்து சிலருக்கு மட்டும் ஏன் ரத்தத்தை உடைக்கிறது என்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில், கைதிகளை வைத்து ஆய்வு நடந்தது. சிறையிலிருப்பவனின் ‘சம்மதம்’ எத்தகையது என்ற கேள்வி அந்த ஆய்வைவிட்டு இன்றும் விலகவில்லை. அதை இங்கே தொட்டுவிட்டு மட்டும் போகிறேன். அங்கே ஆல்விங், டெர்ன், பாய்ட்லர் ஆகியோர், மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோதும் சில நாட்களுக்குப் பின் சிதைவு தானாகவே அடங்குவதையும், மூத்த அணுக்கள் அழிந்து இளையவை தாக்குப்பிடிப்பதே அதற்குக் காரணம் என்பதையும் 1954ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். குறைந்திருப்பது ஜி6பிடி நொதி என்பது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956இல்தான் தெரியவந்தது. நொதியின் பெயர் தெரிவதற்கு முன்பே அதை எப்போது அளக்கக் கூடாது என்பதற்கான காரணம் தெரிந்திருந்தது என்று சொல்லலாம். எழுபது ஆண்டுகள் கழிந்தும் அது நம் அறிக்கைத் தாள்களில் ஒரு வரியாக இடம்பெறவில்லை.

பரிசோதனை முறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பணியில் சேர்ந்த புதிதில், ரத்தத்தோடு சோடியம் நைட்ரைட்டும் மெத்திலீன் நீலமும் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்திருந்து, சிவப்பாகத் திரும்புகிறதா, பழுப்பாகவே நிற்கிறதா என்று பார்ப்போம். பிறகு ஒளிர்புள்ளிப் பரிசோதனை வந்தது. ஒரு துளி ரத்தத்தை வினைக்கரைசலில் கலந்து, சில நிமிட இடைவெளிகளில் வடிதாளில் புள்ளி வைத்து, இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். நொதி இருந்தால் புள்ளி நீலமாக ஒளிரும். இல்லாவிட்டால் இருண்டு கிடக்கும். எளிது, மலிவு, ஆயிரக்கணக்கான பேரைச் சலித்தெடுக்க இன்றும் ஏற்றது. ஆனால் அது ‘உண்டு, இல்லை’ என்று மட்டுமே சொல்லும். இயல்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நொதி இறங்கினால்தான் அதன் கண்ணுக்குப் படும். மேலும், நோயாளிக்கு ரத்தமே குறைவாக இருந்தால் அந்த ஒரு துளியில் சிவப்பணுக்களும் குறைவு என்பதால், நொதி சரியாக உள்ளவருக்கும் புள்ளி மங்கித் தெரியக்கூடும். அளவறி பரிசோதனையில், நொதி வேலை செய்யும்போது உண்டாகும் பொருள் 340 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உட்கவர்கிறது என்று அளந்து, ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை அலகு என்று கணக்கிடுகிறோம். இரத்தம் குறைவாக உள்ளவருக்கும் நிறைவாக உள்ளவருக்கும் ஒரே தராசு. அந்த எண்ணையும், எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதையும் சேர்த்துத் தர வேண்டிய இடத்தில், ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தரும் அறிக்கை எனக்குப் போதாததாகவே படுகிறது. மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும் என்பதும் விதி. அக்னி நட்சத்திர வெயிலில் கூரியர் பையில் நாள் முழுக்கப் பயணம் செய்த குழாயில் நொதி தேய்ந்துபோயிருந்தால், இல்லாத குறைபாடு அறிக்கையில் ஏறிவிடும்.

பெண்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால், அது பழுதானால் எல்லாச் சிவப்பணுக்களிலும் குறைபாடு. பெண்ணுக்கு இரண்டு, ஒவ்வொரு உயிரணுவிலும் ஒன்று உறங்கிவிடும், எது உறங்கும் என்பது தற்செயல். ஆகவே, ஒரு பக்கம் மட்டும் பழுதான மரபணுவைச் சுமக்கும் பெண்ணின் ரத்தத்தில் குறைபாடுள்ள சிவப்பணுக்களும் நல்ல சிவப்பணுக்களும் கலந்தே ஓடும். சராசரி எடுத்தால் பாதி நொதி இருப்பதாகத் தெரியும். புள்ளிப் பரிசோதனை அவளை ‘நார்மல்’ என்று அனுப்பிவிடும். ஆனால் தவறான மருந்து உள்ளே போனால் அந்தக் குறைபாடுள்ள பாதி உடையத்தான் செய்யும். என் மருமகளுக்கு அளவறி பரிசோதனையில் ஏறக்குறையப் பாதிதான் வந்தது. மலேரியா திரும்பி வராமலிருக்க ஒரே வேளையாகக் கொடுக்கும் தாஃபெனோகுவின் என்ற மருந்தை, நொதி 70 சதவீதத்துக்கு மேல் இருப்பதை அளந்து பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று கட்டுப்பாடு இருப்பது இத்தகைய பெண்களை மனத்தில் கொண்டுதான்.

மகனுக்கு இந்தப் பழுது தாய்வழியே வருவது என்பதால், ஒரு பையனுக்குக் கண்டறியப்பட்டால் அடுத்துத் தேட வேண்டியவர் அவனுடைய தாய்மாமன். காதுகுத்துக்கு மடியில் உட்காரவைக்கும் உறவை நாம் ஆய்வகத்தில் மறந்துவிடுகிறோம். என் பேரனின் தாய்மாமன், அதாவது என் தங்கை மகன், குவைத்தில் வேலை பார்க்கிறான். முன்னொரு முறை அங்கே அவனுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்தது, கல்லீரல் வைரஸ்களுக்கான பரிசோதனைகளில் ஒன்றும் அகப்படவில்லை, விடுப்பில் ஊருக்கு வந்து கீழாநெல்லி சாப்பிட்டான், தேறினான். கீழாநெல்லிக்குப் பெயர் கிடைத்தது. இப்போது விசாரித்தால், அந்த நாட்களில் அவன் அறைத் தோழர்களோடு காலைச் சிற்றுண்டியாக ‘ஃபூல்’ சாப்பிடத் தொடங்கியிருக்கிறான். அது ஃபாவா பீன்ஸை வேகவைத்து மசிக்கும் அரபு நாட்டு உணவு. அந்த விதையிலுள்ள வைசின், கான்வைசின் என்ற பொருட்கள் இந்தக் குறைபாடு உள்ளவர்களின் ரத்தத்தை உடைப்பவை. அவனையும் பரிசோதித்தோம், குறைபாடு இருக்கிறது. நானும் பரிசோதித்துக்கொண்டேன், எனக்கு இல்லை. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் இளைஞர்கள் பல்லாயிரம் பேர் என்பதால் இதைச் சொல்கிறேன். நம் ஊர் அவரைக்காயும் மொச்சையும் வேறு செடிகள். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அக்காள் மகளை மணக்கும் வழக்கம் இன்னும் இருக்கும் குடும்பங்களுக்கு இதில் தனிப் பொருள் உண்டு. குறைபாடுள்ள தாய்மாமன், அதே மரபணுவைச் சுமக்கும் அக்காள் மகளை மணந்தால், பிறக்கும் பெண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இரு பக்கமும் பழுதான மரபணு வந்து சேர வாய்ப்பு உண்டு. பெண்களுக்கு இது வராது என்று சில மருத்துவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அத்தகைய குடும்பங்களில் அந்தச் சொல் செல்லாது.

கண்டறிவதால் என்ன பயன், மருந்து கிடையாதே என்று கேட்பவர்கள் உண்டு. விலக்க வேண்டியதை விலக்குவதே இதற்கு மருத்துவம். வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு நம் நாட்டில் 14 நாள் தரப்படும் பிரைமாகுவின், தொழுநோய்க் கூட்டு மருந்தில் நாள்தோறும் 100 மில்லிகிராம் தரப்படும் டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரான்டாயின், ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தரப்படும் ராஸ்புரிகேஸ், நஞ்சுமுறிவுக்கான மெத்திலீன் நீலம் ஆகியவை கவனிக்கப்பட வேண்டியவை. மலேரியாவை ஒழிக்கப் பிரைமாகுவின் தேவை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. குறைபாடு உள்ளவர்களுக்கும் மருத்துவக் கண்காணிப்பில் வாரம் ஒரு முறையாக எட்டு வாரம் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் வழி சொல்லியிருக்கிறது. தெரிந்து கொடுப்பதும் தெரியாமல் கொடுப்பதும் ஒன்றல்ல. அதே வேளையில், கைபேசிகளில் சுற்றிவரும் நீண்ட நீண்ட விலக்குப் பட்டியல்கள் பெற்றோரை வீணாக மிரட்டுகின்றன. காய்ச்சலுக்கு உரிய அளவில் பாராசிட்டமால் கொடுக்க அஞ்சி, காய்ச்சலை முற்றவிட்ட ஒரு தாயை எனக்குத் தெரியும். காய்ச்சலும் நோய்த்தொற்றுமே இவர்களுக்கு ரத்தம் உடைவதற்கான பொதுவான காரணங்களில் ஒன்று என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பச்சிளம் குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்த பழைய சேலையை எடுத்து அப்படியே தூளி கட்டுவதும், அப்படி வைத்திருந்த வேட்டித் துணியில் பிள்ளையைச் சுற்றிவைப்பதும் நம் வீடுகளில் சாதாரணம். அந்த நாஃப்தலீன் ஆவியே போதும். பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் கைகால்களில் மருதாணி இடுவதாலும் இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கடும் ரத்தச் சிதைவு நேர்ந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சிவப்பணுக்கள் உடைவதால் உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் மிகுந்து மூளையில் படிந்துவிட்டால் காது கேளாமையும் கைகால் முடக்கமும் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். சிங்கப்பூரில் 1965ஆம் ஆண்டு முதலே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பார்க்கிறார்கள். அங்கு வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இந்த எழுத்துகள் புதியவை அல்ல. கேரள அரசு மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளுக்குக் குதிகாலில் துளி ரத்தம் எடுத்துப் பார்க்கும் குறைபாடுகளின் பட்டியலில் ஜி6பிடியும் இருக்கிறது. வாளையாறு தாண்டினால் பார்க்கப்படுவது இந்தப் பக்கமும் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் பார்க்கப்பட வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

ஜி6பிடி மட்டுமே சிவப்பணு நொதி என்ற எண்ணமும் தவறு. மருந்தோ காய்ச்சலோ இல்லாமல், பிறந்ததிலிருந்தே ரத்தம் ஓயாமல் உடைந்துகொண்டிருக்கும் குழந்தைகளில் பைருவேட் கைனேஸ் என்ற நொதியைத் தேட வேண்டும். சிவப்பணு தனக்கு வேண்டிய ஆற்றலைக் குளுக்கோஸிலிருந்து எடுக்கும் பாதையின் கடைசிப் படி அது. இந்தக் குறைபாட்டை 1961இல் முதலில் விவரித்தவர்கள் வாலன்டைன், தனாகா, மிவா ஆகியோர். இது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும் என்பதால் சொந்தத்தில் மணமுடித்த பெற்றோரின் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. நான் பணியிலிருந்தபோது ஆறு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வரும் ஒரு சிறுமி இருந்தாள். மாமன் மகன், அத்தை மகள் மணத்தில் பிறந்தவள். ஹீமோகுளோபின் வகை பார்க்கும் பரிசோதனை சரியாக இருந்தது, கூம்ப்ஸ் நெகட்டிவ், உவர்நீரில் சிவப்பணு உடையும் தன்மையும் சரியாக இருந்தது. ஆனாலும் அவள் நோட்டில் ‘தலசீமியா போன்றது’ (தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைச் சோகை) என்றே ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டு வந்தது. அதை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த நொதியை அளக்கும் வசதி எங்களிடம் இல்லை. அளப்பதும் எளிதன்று: வெள்ளணுக்களில் இதே வேலையைச் செய்யும் வேறு வடிவ நொதி நிறைய இருப்பதால், ரத்தத்தைச் செல்லுலோஸ் குழாய் வழியே வடித்து வெள்ளணுக்களை நீக்கிய பிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கும் பொய்யான ‘நார்மல்’ வரும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுபவளுக்குத் தூய சொந்த ரத்தம் எப்போது கிடைக்கும்? கடைசியில் பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் வெளியூருக்கு அனுப்பி அளந்தார்கள். இருவருக்கும் பாதி அளவே நொதி இருந்தது. அதிலிருந்துதான் மகளின் நோய்க்குப் பெயர் கிடைத்தது. இப்போது மரபணுவை நேரடியாகப் படிக்கும் பரிசோதனை வந்துவிட்டது. முன்பு ஏற்றிய ரத்தம் அதைப் பெரிதாகக் குழப்புவதில்லை. பைருவேட் கைனேஸ் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு மிட்டாபிவாட் என்ற மாத்திரையும் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. பெயர் தெரியாத நோய்க்கு இவை எதுவும் போய்ச் சேராது.

இத்தகைய பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவு என்றதும் இரும்புச்சத்து மாத்திரை தருவது பயனற்றது மட்டுமன்று. உடைந்த சிவப்பணுக்களின் இரும்பு உடலிலேயே தங்குகிறது; ஏற்றும் ரத்தத்தாலும் இரும்பு சேர்கிறது. அளந்து பாராமல் மேலும் இரும்பு கொடுப்பது நிறைந்த குடத்தில் நீர் ஊற்றுவதாகும். சர்க்கரை நோயாளிகள் பலர் உள்ள நம் மாநிலத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சிவப்பணுவின் ஆயுள் குறைந்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே நொதிக் குறைபாடு உள்ளவர் அதைச் சர்க்கரை மருத்துவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நொதிப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பும் படிவத்தில், கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி, ரத்தச் சிதைவு நடந்த தேதி என்று இரண்டு கட்டங்கள் இருக்க வேண்டும். அறிக்கையில் நொதியின் எண்ணுக்குப் பக்கத்திலேயே அன்றைய ரெட்டிகுலோசைட் சதவீதம் அச்சாக வேண்டும். அது உயர்ந்திருந்தால் ‘மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்க’ என்ற வரி தானாகவே வர வேண்டும். ரத்தம் ஏற்றும் அவசரத்தில், ஏற்றுவதற்கு முன்பு ஊதாமூடிக் குழாயில் இரண்டு மில்லி எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் கொடையாளியின் ரத்தம் குழப்புவதையாவது தவிர்க்கலாம். இது எந்தச் செவிலியருக்கும் ஒரு நிமிட வேலை. குறைபாடு உறுதியானால், விலக்க வேண்டிய மருந்துகளைத் தமிழில் அச்சிட்ட அட்டை ஒன்றை நோயாளிக்குத் தர வேண்டும். அவருடைய தாய், உடன்பிறந்தோர், தாய்மாமன்மார் ஆகியோருக்கும் பரிசோதனை எழுதிக்கொடுக்க வேண்டும். பைருவேட் கைனேஸ் போன்ற அரிய நொதிகளுக்கு, இப்போது வேலூருக்கோ மும்பைக்கோ அனுப்ப வேண்டியதை, அரசு மருத்துவக் கல்லூரிகளில் மண்டலத்துக்கு ஒன்றிலாவது செய்ய முடிந்தால் ஆறு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வரும் சிறுமிகளுக்கு அது பெரிய உதவி.

கட்டுரையாளரைக் குறைகூறுவது என் நோக்கமன்று; அவர் எழுதிய வாக்கியத்தையே நானும் என் மருமகளிடம் சொன்னவன். ஆயினும் தங்கள் நாளிதழைப் படித்துவிட்டுப் பழைய அறிக்கை ஒன்றை எடுத்து நிம்மதியாக மூடிவைத்த பெற்றோர் எங்கேனும் இருக்கக்கூடும் என்பதால், அடுத்த வாரப் பக்கத்தில் பின்வரும் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்: ‘ரத்தச் சிதைவு நடந்துகொண்டிருக்கும்போதோ, ரத்தம் ஏற்றிய மூன்று மாதத்துக்குள்ளோ எடுக்கப்பட்ட ஜி6பிடி பரிசோதனை நார்மல் என்று வந்திருந்தால், அது குறைபாடு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. மருத்துவரிடம் கேட்டு அதை மீண்டும் செய்துகொள்ள வேண்டும்.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தருமபுரி மாவட்டம்.